மீசைக்காரருக்கு உடம்பு சரியில்லை

ஜூன் 3
(அஞ்சல் அட்டை)

டிரைவர் அவர்களுக்கு,

நான் ஜெயிலுக்குப் போட்ட கவரெல்லாம் பிரிக்காமலே திரும்பி வந்து மேஜை மேல குவிஞ்சு கிடக்கு. அதனால இந்தத் தடவை கார்டு. இதைப் பிரிக்கற வேலையே இல்லை, கண்ணு பட்டாலே படிச்ச மாதிரிதான்.

உங்க தொட்டி மீனுக்கெல்லாம் உடம்பு சரியில்லை. மேலெல்லாம் ரவை தூவின மாதிரி வெள்ளை வெள்ளையாப் புள்ளி. கல்லுல போய் உரசி உரசித் துடிக்குதுங்க. உங்க கெளுத்தி, அதான் மீசைக்காரர், பைப்பை விட்டு வெளிய வரவே இல்லை. எனக்கு மீனைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. நீங்க பதில் போடலைன்னா எல்லாம் செத்துடும். அந்தப் பாவத்தையும் என் தலையில கட்டாதீங்க.

உங்க சம்சாரம்
(நீங்க ஒத்துக்கிட்டாலும் ஒத்துக்கலைன்னாலும்)


ஜூன் 9

நீராவிக்கு,

கார்டு போட்டது அடாவடி. இங்க தபாலைப் படிச்சுப் பார்த்துக் குடுக்கற வார்டர் ஒருத்தர் இருக்கார். எனக்கு வேணாம் சார்னு சொன்னதுக்கு, மூஞ்சிக்கு நேரா நின்னு சத்தமா வாசிச்சுட்டார். காதைப் பொத்திக்கிட்டா நிக்க முடியும்?

இது வெள்ளைப் புள்ளி நோய். நமக்குச் சளி பிடிக்கற மாதிரி, மீன் வளர்க்கறவன் எவனும் இதுக்குத் தப்பினதில்லை. தண்ணி குளிர்ந்து போனாலோ, வெளியில இருந்து புது மீன் வந்தாலோ வரும். யாராவது புது மீன் கொண்டாந்து விட்டாங்களா? உண்மையைச் சொல்லு.

ஹீட்டரைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்து. ஒரேயடியா ஏத்தினா வெந்துடும். சூட்டுத் தண்ணியில காத்து குறைஞ்சு போகும், அதனால காத்து மோட்டாரை நிறுத்தவே கூடாது. கல்லு உப்பு போடு, ஆனா கொஞ்சமா. மீசைக்காரர் தோல் அதைத் தாங்காது. மத்த மீனுக்குப் போடறதுல பாதி போதும். அடியில இருக்கற அழுக்கை டியூப் வெச்சு உறிஞ்சி எடு, ஏன்னா அந்தப் பூச்சி குட்டி போடறது அடியிலதான். புள்ளி மறைஞ்சதும் ஆச்சுடா சாமின்னு மருந்தை நிறுத்திடாத. மீன் மேல இருந்து உதிர்ந்து கீழ போய் ஒளிஞ்சிருக்கும், திரும்ப வரும். அப்புறம், கண்ணாடியைத் தட்டாத. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. நோயாளி மீனைத் தட்டித் தட்டி எழுப்பினா பயத்துலயே போயிடும்.

நீ மீனைத் தட்டுல கூடப் பார்க்காதவ. மீன்கடை இருக்கற தெருன்னா மூக்கைப் பொத்திக்கிட்டு அடுத்த தெருவைச் சுத்திப் போவே. உன்கிட்ட இதையெல்லாம் சொல்லி என்ன பிரயோஜனம்னு தெரியலை. இருந்தாலும் சொல்லிட்டேன்.

இது மீனுக்காக எழுதினது. வேற அர்த்தம் பண்ணிக்காத. பார்க்க வராத. வந்தாலும் நான் வெளிய வர மாட்டேன்.

டிரைவர்


ஜூன் 16

டிரைவர் அவர்களுக்கு,

உங்க கையெழுத்தைப் பார்த்ததும் தபால்காரர் முன்னாடியே அழுதுட்டேன். அந்த மனுஷன் பயந்துபோய், கெட்ட சேதியாம்மான்னு கேட்டார். இல்லீங்க, என் வீட்டுக்காரர் திட்டி எழுதியிருக்கார்னு சொன்னேன். ஒரு மாதிரியாப் பார்த்துட்டுப் போனார்.

ஆமா, புது மீன் வந்தது. என் அண்ணன்தான். நான் தனியா உட்கார்ந்து சுவத்தைப் பார்த்துட்டு இருக்கேனாம், வீடு கலகலன்னு இருக்கட்டும்னு ஒரு பையில நாலஞ்சு வாங்கிட்டு வந்து, நான் அடுப்படியில இருந்து வர்றதுக்குள்ள அப்படியே தொட்டியில கவுத்துட்டான். பை தண்ணியோட. நல்லது பண்றதா நினைச்சுத்தான் பண்ணினான். அவனைத் திட்டாதீங்க.

உங்க பதில் வர்றதுக்குள்ள எனக்குப் பொறுக்கலை. சும்மா உட்கார்ந்திருக்க நான் என்ன மரமா? எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான், சுத்தம். தண்ணி பூரா கொட்டிட்டேன். கல்லையெல்லாம் கொதிக்கற தண்ணியில போட்டு எடுத்தேன். பில்டர்ல இருக்கற ஸ்பாஞ்சு ஒரே வழுவழுன்னு கருப்பா இருந்தது, ஐயோ இதுலதான் எல்லா நோயும் இருக்குன்னு அதை ஆஸ்பத்திரிக்கே எடுத்துட்டுப் போய், ஆபரேஷன் கத்தி கத்திரியோட சேர்த்து ஆவிப் பெட்டியில வெச்சு எடுத்துட்டேன், என் வேலையே அதானே, நீங்க நீராவின்னு கூப்பிடறதும் அதனாலதானே. சிஸ்டருக்குத் தெரிஞ்சா வேலை போயிடும். வெளிய எடுக்கறப்ப புதுசு மாதிரி பளிச்சுன்னு இருந்தது. எனக்குப் பெருமையா இருந்ததுங்க.

மறுநாள் மோலி மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடிச்சு. அப்புறம் செத்துடுச்சு. ஏஞ்சல் மீன் ரெண்டும் இன்னும் இருக்கு, மீசைக்காரர் இருக்கார். நீங்க சொன்ன உப்பு, சூடு எல்லாம் செஞ்சுட்டேன். புள்ளி குறையுது.

பார்வையாளர் வரிசையில நின்னப்ப ஒரு காவலர் சொன்னார், நீங்க சாப்பாட்டுத் தட்டைத் தொடாமலே திருப்பி அனுப்பறீங்களாம், சுவத்தைப் பார்த்துப் படுத்தே கிடக்கறீங்களாம். இப்படியே போனா ஆள் தேறாதும்மான்னு என் மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டார். நான் அங்கேயே உட்கார்ந்துட்டேன்.

சாப்பிடுங்க. உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன். மீனுக்காகவாவது பதில் போடுங்க.

நீராவி


ஜூன் 23

கிறுக்கி,

ஸ்பாஞ்சை ஆவியில வெச்சியா? படிச்சுட்டுத் தலையில அடிச்சுக்கிட்டேன். பக்கத்து ஆள் என்னமோ ஏதோன்னு எழுந்து உட்கார்ந்துட்டான்.

மீன் இருக்கற தண்ணியிலதான் மூத்திரம் போகுது. அதே தண்ணியிலதான் மூச்சும் விடுது. அந்த விஷத்தை யார் தின்னு தீர்க்கறாங்கன்னு நினைக்கறே? அந்த வழுவழுப்புலதான் நல்ல கிருமி குடியிருக்கு. உங்க ஆஸ்பத்திரியில கிருமின்னா எல்லாமே எதிரி. தொட்டியில அது வீட்டு மனுஷி மாதிரி, யார் கண்ணுக்கும் தெரியாம எல்லா வேலையும் பார்த்துட்டு இருக்கும். அவளை அடிச்சு விரட்டிட்டு வீடு பளிச்சுன்னு இருக்குன்னு பெருமை வேற! மோலி செத்தது நோயால இல்லை, உன் சுத்தத்தால.

சரி, திட்டி ஆகப்போறது ஒண்ணுமில்லை. இனிமே ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணியிலயே முக்கிப் பிழி, குழாய்த் தண்ணி ஆகாது. தண்ணி மாத்தணும்னா ஒரு வாளி, அதுக்கு மேல இல்லை. குழாய்த் தண்ணியைப் பிடிச்சுத் திறந்து வெச்சு, அந்த மருந்து வாசனை போனப்புறம் ஊத்து. இப்போதைக்குத் தினமும் கொஞ்சம் மாத்து. தீனியை நிறுத்து. பாவமா இருக்குன்னு போடாத, பட்டினியில செத்த மீனை நான் பார்த்ததே இல்லை. தின்னுட்டுச் செத்ததுதான் அதிகம்.

புது மீன் வந்தா தனி வாளியில வெச்சு, நோய் இல்லைன்னு தெரிஞ்சப்புறம்தான் உள்ள விடணும். ஒரே வலையைக் கூட ரெண்டுலயும் போடக் கூடாது. உங்க அண்ணன்கிட்டச் சொல்லு. இல்லை, வேணாம், சொல்லாத.

என் தட்டைப் பத்தி உனக்கு எதுக்கு? உன் வேலையைப் பாரு. வரிசையில வந்து நிக்கவும் வேணாம்.

மீசைக்காரர் எப்படி இருக்கார்னு மட்டும் எழுது.


ஜூலை 2

டிரைவர் அவர்களுக்கு,

ஏஞ்சல் ரெண்டும் போயிடுச்சு. பின்பக்கத்துல மண்ணு தோண்டிப் புதைச்சேன். மீசைக்காரர் மட்டும்தான் இருக்கார். அவரையும் விட்டுட்டா இந்த வீட்ல நானும் ஆவிப் பெட்டி வாசனையும்தான்.

அவருக்கு இப்ப வாலு ஓரமெல்லாம் கரையான் அரிச்ச மாதிரி பிஞ்சு பிஞ்சு இருக்கு. ஓரத்துல வெள்ளையா ஒரு கோடு. மீன் விக்கற கடையில கேட்டேன். அந்த ஆள் ஒரு புத்தகத்தைத் திறந்து படம் காட்டி, இதுவான்னார். அதேதான்னேன். துடுப்பு அழுகல்னார். ஆனா எனக்கு அந்த ஆள் பேச்சுல நம்பிக்கை இல்லை. நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் செய்வேன்.

கோவம் வருதுங்க எனக்கு. மீன் எப்படி இருக்குன்னு கேக்கறீங்க, நான் எப்படி இருக்கேன்னு ஒரு வரி கிடையாது. நான் என்ன பண்ணினேன்? கண்ணு அசந்தது நீங்க, வண்டி ஓட்டினது நீங்க, தண்டனை உங்களுக்குன்னு கோர்ட்டு சொல்லிடுச்சு. எனக்கு யார் போட்ட தண்டனை இது? பார்வையாளர் மனுவுல என் பேரைப் பார்த்தாலே முடியாதுன்னு சொல்லி அனுப்பிடறீங்களாம். வரிசையில எனக்கு முன்னாடி நின்ன ஒரு பொம்பளை, அவ புருஷன் அவளையே கத்தியால குத்தப் போனவனாம், அவளே உள்ள போய்ப் பார்த்துட்டு வந்துட்டா. நான் பையைத் தூக்கிக்கிட்டுத் திரும்பி வர்றேன்.

பதில் சீக்கிரம் போடுங்க. வாலு போயிடும்.

நீராவி


ஜூலை 9

நீராவிக்கு,

வால் அழுகறது அழுக்குத் தண்ணியால. முதல் மருந்து நல்ல தண்ணிதான். அவரைத் தனி வாளிக்கு மாத்து, காத்துக் குழாயைப் போடு, உள்ள ஒரு பைப்புத் துண்டைப் போடு. ஒளிய இடம் இல்லைன்னா அந்த ஆளுக்கு அதுவே நோய். கடையில அழுகலுக்கு மஞ்சள் கலர்ல மருந்து தருவான், டப்பாவுல போட்டிருக்கறதுல பாதி மட்டும் போடு. ஓரத்துல புதுசாக் கண்ணாடி மாதிரி ஒரு தோல் வளர்ந்தா பிழைச்சார்னு அர்த்தம்.

நீ கேட்டதுக்குப் பதில் சொல்லித்தான் ஆகணும். கோர்ட்டுல அந்தம்மாவைப் பார்த்தேன். என் வண்டியில அடிபட்டுச் செத்துப்போன சைக்கிள்காரரோட சம்சாரம். அழலை, கத்தலை, என்னைத் திட்டக் கூட இல்லை. கையில அவரோட டிபன் பாக்ஸ் மூடியை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. பாக்ஸ் நசுங்கிப் போயிருக்கும், மூடி மட்டும் கிடைச்சிருக்கும் போல. அவங்க எந்த வரிசையில போய் நிப்பாங்க? எந்த ஆபீஸ்ல மனு குடுத்தா அவரைப் பார்க்கலாம்? அவங்களுக்கு இல்லாத அந்தப் பார்வையாளர் அறைக் கண்ணாடி எனக்கு எதுக்கு? நான் எந்த முகத்தோட அங்க உட்கார்ந்து உன்கிட்ட, கண்ணு நல்லா இருக்கியா, சாப்பிட்டியான்னு கேக்கறது? உன்னைப் பிடிக்காம இல்லை. அதைப் புரிஞ்சுக்கோ.

அந்த வார்டர் வீட்லயும் தொட்டி இருக்காம். நான் உனக்கு எழுதற வைத்தியத்தையெல்லாம் படிச்சுப் படிச்சு அவர் வீட்டு மீனுக்குப் பண்றாராம். அவர் மீனு பிழைச்சுடுச்சு. நேத்து எனக்குக் கூட ஒரு கரண்டி சாதம் வெச்சுட்டுப் போனார். அவர் நின்னு பார்த்துட்டே இருந்ததால தின்னேன்.

டிரைவர்


ஜூலை 18

என்னங்க,

உங்க கடிதத்தைப் படிச்சுட்டு வேலைக்கே போகலை. அந்தம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? எனக்கும் அவங்க முகம் கண்ணை விட்டுப் போகலை. ஆனா நீங்க பட்டினி கிடந்து செத்தா அவருக்கு உயிர் வந்துடுமா? இன்னொரு பொம்பளை கையில இன்னொரு மூடி, அவ்வளவுதான்.

வால் சரியாயிட்டு வந்தது. அதுக்குள்ள இப்ப வேற வந்துடுச்சு. மீசைக்காரருக்கு வயிறு பலூன் மாதிரி ஊதிப் போச்சு. செதிலெல்லாம் சிலுப்பிக்கிட்டு நிக்குது. மேல இருந்து பார்த்தா ஒவ்வொரு செதிலும் தனித்தனியாத் தூக்கிக்கிட்டு, உடம்பே முள்ளு மாதிரி இருக்கு. கண்ணும் பிதுங்கியிருக்கு. கடைக்காரர் இதுக்கு வைத்தியமே இல்லை, இது வந்தா போச்சுன்னுட்டார்.

போகக் கூடாதுங்க. அவர் போயிட்டா நீங்க எனக்கு எழுதறதுக்கு என்ன இருக்கு? நான் மனசுல இருக்கறதை அப்படியே சொல்றேன், வெக்கமா இல்லை எனக்கு. அவர் உயிரோட இருக்கற வரைக்கும்தான் நீங்க பேனாவை எடுப்பீங்க. பேனாவை எடுக்கற கை சோத்தையும் எடுக்கும். எப்படியாவது காப்பாத்திக் குடுங்க. உங்களுக்குத் தெரியாததா? ஏதாவது சொல்லுங்க, எதுவா இருந்தாலும் செய்யறேன்.

நீராவி


ஜூலை 25

நீராவிக்கு,

பயப்படாத. கடைக்காரனுக்கு என்ன தெரியும்? இது கஷ்டமான நோய்தான், உள்ள நீர் கோத்துக்கிட்டு வர்றது. பொழைக்கறது அபூர்வம். ஆனா நம்ம ஆள் கெட்டி.

மருந்துக் கடையில பேதி உப்பு கேளு. வாளியில கொஞ்சமாக் கரைச்சு அதுல விடு, உள்ள இருக்கற நீரை அது இழுத்துடும். மேல துணி போட்டு மூடு. வெளிச்சம் வேணாம், சத்தம் வேணாம். பட்டாணியை வேக வெச்சுத் தோல் உரிச்சு, ஒரு துணுக்கு நசுக்கிப் போடு. தின்னலைன்னா எடுத்துடு. பக்கத்துல உட்கார்ந்து அழாத, நீ சாப்பிட்டுட்டு வேலைக்குப் போ. நீ கெட்டுப் போனா அவரை யார் பார்க்கறது?

செதிலெல்லாம் படிஞ்சுதான்னு பார்த்து எழுது. முதுகுப் பக்கம் முதல்ல படியும், அப்புறம் வயிறு. ஒவ்வொரு தடவையும் கவனமாப் பாரு. எனக்கு விவரமா எழுதணும், ஒரு வரியில முடிச்சுடாத.

இப்பல்லாம் ரெண்டு வேளை சாப்பிடறேன். சாதம் வேகாம இருக்கு. அதைத் திட்டறதுக்காகவாவது சாப்பிட வேண்டியிருக்கு.

டிரைவர்


ஆகஸ்ட் 3

என்னங்க,

படிஞ்சுடுச்சு! நீங்க சொன்ன மாதிரியே முதுகுப் பக்கம் செதில் முதல்ல படிஞ்சது, அப்புறம் வயிறு. பட்டாணித் துணுக்கு ஒண்ணு தின்னார். வார்டர் ஐயாவுக்கும் சொல்லுங்க. ஐயா, இதை நீங்கதான் முதல்ல படிக்கறீங்க, நல்லா இருங்க, அவருக்கு இன்னொரு கரண்டி வைங்க.

ரெண்டு வேளைன்னு எழுதியிருந்தீங்களே, அந்த வரியை மட்டும் எத்தனை தடவை படிச்சேன்னு கேக்காதீங்க. ஆஸ்பத்திரியில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ரெண்டு வேளை சாப்பிடறதெல்லாம் ஒரு சேதியான்னு சிரிச்சாங்க. அவங்களுக்கு என்ன தெரியும்?

ஆனா முழுசாக் குணமாகலைங்க. இப்ப வாயோரத்துல பஞ்சு ஒட்டின மாதிரி என்னமோ வெள்ளையா இருக்கு. மூச்சு வேகமா வாங்குது. இது என்னன்னு தெரியலை. ஒண்ணு போனா ஒண்ணு வருது. எழுத்து கோணிப் போச்சு, பார்த்துக்கோங்க. இதுக்கு என்ன செய்யணும்? இதுக்கப்புறம் வேற என்னென்ன வரும்? எல்லாத்தையும் இப்பவே எழுதிடுங்க. இல்லை, வேணாம், ஒவ்வொண்ணா எழுதுங்க.

நீராவி


ஆகஸ்ட் 11

என் நீராவிக்கு,

வாயில பஞ்சுக்கு மருந்து எழுத உட்கார்ந்தேன். எழுத வரலை. போதும்மா.

கெளுத்திக்குச் செதிலே கிடையாது. வெறும் வழவழன்னு தோலு. மீன் திங்கற வீட்ல பிறந்த சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். உனக்குத் தெரியாது, ஏன்னா நீ மூக்கைப் பொத்திக்கிட்டு அடுத்த தெருவுல போறவ. அந்தப் புத்தகத்துல வேற ஏதோ மீனைப் படம் போட்டிருப்பான், அதைப் பார்த்து எழுதிட்டே.

ஸ்பாஞ்சை ஆவியில வெச்சேன்னு எழுதினப்பவே எனக்குச் சந்தேகம்தான். அந்தத் தண்ணியில எதுவும் நிக்காது. எல்லாம் ஒரே நாள்லதான் போயிருக்கும், மீசைக்காரரும் சேர்ந்து. அதுக்கப்புறம் நீ காலித் தொட்டி முன்னாடி உட்கார்ந்து எனக்கு வியாதி எழுதிட்டு இருந்திருக்கே. தனியா. அதை நினைச்சாத்தான் தாங்கலை.

செதில் கடிதம் வந்தப்ப வார்டர் படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சார். என்னய்யா, உன் சம்சாரம் கெளுத்திக்குச் செதில் சிலுப்புதுன்னு எழுதுறாங்களேன்னார். எங்க வீட்டுக் கெளுத்திக்கு இருக்கு சார்னு சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திட்டார். எனக்குத் தாளும் பேனாவும் குடுத்துட்டுப் போயிட்டார்.

நானும் தெரிஞ்சேதான் இல்லாத மீனுக்குப் பேதி உப்பு எழுதினேன். ஏன்னு கேக்கறியா? அந்த ராத்திரி ரோட்டுக்கு அப்புறம் என்னைப் பார்த்து எவனும், காப்பாத்துன்னு சொன்னதில்லை. நீ ஒருத்திதான் சொன்னே. மீன் போச்சு. நீ எழுதினது மீனைப் பத்தி இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியும். சாப்பிட்டேன்.

அந்தம்மா முகம் போகலை. போகவும் கூடாது. ஆனா உன் கையில இன்னொரு மூடியைக் குடுக்க எனக்கு உரிமை இல்லைன்னு இப்பத்தான் உறைக்குது.

தொட்டியைத் தூக்கிப் போட்டுடாத. தண்ணி ஊத்தி பில்டரை மட்டும் ஓட விடு. இப்ப மீன் எதுவும் வேணாம். தண்ணி பழகட்டும். ஸ்பாஞ்சு திரும்ப வழுவழுன்னு கருப்பா ஆகும், அப்படியே விட்டுடு. தயவுபண்ணிக் கழுவாத.

ஞாயித்துக்கிழமை வா. மனுவுல உன் பேர் வந்தா சரின்னு சொல்லிடுங்க சார்னு வார்டர்கிட்ட சொல்லிட்டேன். அங்க நடுவுல ஒரு கண்ணாடி இருக்கும், அதுக்கு அந்தப் பக்கம் உட்காரு. நான் வர்றதுக்கு நேரமாகலாம். வந்தாலும் தலையைத் தூக்காம நிக்கலாம். அதுக்காக எழுந்து போயிடாத.

கண்ணாடியைத் தட்டாத. பேசாம உட்கார்ந்திரு. நானா வருவேன்.

டிரைவர்